ஹேட் எங்கே சிக்குகிறது? பாஸ்ட் பெர்ஃபெக்ட் பிழைகளை அறிகுறி பார்த்துத் திருத்துவது

ஆங்கிலத்தில் இறந்தகாலப் புள்ளி ஒன்றுக்கும் முன்பே நடந்ததைச் சொல்லும் வடிவம் பாஸ்ட் பெர்ஃபெக்ட். அதன் உருவம் சுலபம். ஹேட், அதை ஒட்டி வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம், அதாவது வி3. ஐ, யூ, ஹி, ஷி, தே எல்லாவற்றுக்கும் ஒரே ஹேட்தான். ஹேஸா ஹேவா என்ற குழப்பம்கூடக் கிடையாது. அதை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு.

கீழே உள்ள எல்லாப் பழுதுக்கும் முதல் சோதனை ஒன்றே. ஹேட் போட்ட வாக்கியத்தைப் பார்த்து ‘எதற்கு முன்னால்?’ என்று கேளுங்கள். பதிலாக இறந்தகாலத்தில் இன்னொரு புள்ளி கிடைத்தால் ஹேட் இருக்கட்டும். அந்தப் புள்ளி அதே வாக்கியத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, முந்தின வாக்கியத்தில் இருந்தாலும் போதும். ‘இப்போதைக்கு முன்னால்’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லையென்றால் ஹேட்டை எடுத்துவிட்டு சிம்பிள் பாஸ்ட், அதாவது வி2, போடுங்கள்.

துருவப் பயணி அமுன்ட்சன் தென் துருவத்தை அடைந்தது 1911 டிசம்பர் 14. அவரோடு போட்டியிட்ட ஸ்காட் அடைந்தது 1912 ஜனவரி 17. இதை நடந்த வரிசையிலேயே சொன்னால் ஹேட்டுக்கு வேலை இல்லை: ‘அமுன்ட்சன் ரீச்ட் தி போல் இன் 1911. ஸ்காட் ரீச்ட் இட் இன் 1912.’ ஸ்காட் போய்ச் சேர்ந்த நாளில் நின்றுகொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தால் மட்டும்: ‘வென் ஸ்காட் ரீச்ட் தி போல், அமுன்ட்சன் ஹேட் ஆல்ரெடி ரீச்ட் இட்.’ நிகழ்ச்சி இரண்டிலும் ஒன்றுதான். சொல்பவர் நிற்கும் இடம் மாறியிருக்கிறது. 1947-ல் தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைகன்பாக் இதை மூன்று புள்ளிகளாகப் பிரித்துக் காட்டினார்: செயல் நடந்த நேரம், நின்று பார்க்கும் நேரம், பேசும் நேரம். சிம்பிள் பாஸ்ட்டில் முதல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். பாஸ்ட் பெர்ஃபெக்ட்டில் மூன்றும் தனித்தனி. நடுப்புள்ளி, அதாவது நின்று பார்க்கும் நேரம், இல்லாமல் ஹேட் போடுவதுதான் நம்மிடம் அதிகம் காணப்படும் பிழை.

அறிகுறி: ‘ஐ ஹேட் கான் தேர் யெஸ்டர்டே’ என்று தனியாக நிற்கிறது

காரணம் நம் ‘இருந்தேன்’. ‘நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன்’, ‘போன வாரம் மெயில் அனுப்பியிருந்தேன்’ என்பதெல்லாம் தமிழில் தாராளமாகத் தனியே நிற்கும். போய்விட்டு வந்தாயிற்று, அனுப்பிய காரியம் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்ற தொனியை அந்த ‘இருந்தேன்’ தருகிறது. அந்தத் தொனியைத் தருவது ஆங்கில ஹேட்டின் வேலை இல்லை. ‘ஐ ஹேட் சென்ட் யூ எ மெயில் லாஸ்ட் வீக்’ என்று எழுதினால், படிப்பவர் ‘சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது?’ என்று அடுத்த வரிக்குக் காத்திருப்பார். அடுத்த வரியில் ‘ப்ளீஸ் ரிப்ளை’ என்று மட்டும் இருக்கும்.

திருத்தம்: ‘ஐ சென்ட் யூ எ மெயில் லாஸ்ட் வீக்.’ ‘ஐ வென்ட் டு எ வெட்டிங் யெஸ்டர்டே.’ அலுவலக மெயில்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஆஸ் ஐ ஹேட் மென்ஷன்ட் இயர்லியர்’ என்பதும் இதே ரகம். ‘ஆஸ் ஐ மென்ஷன்ட்’ போதும்.

அதே மெயிலுக்கு ஹேட் சரியாகும் இடமும் உண்டு: ‘ஐ மெட் ஹிம் யெஸ்டர்டே. ஐ ஹேட் சென்ட் ஹிம் எ மெயில் லாஸ்ட் வீக், பட் ஹி ஹேடன்ட் ரெட் இட்.’ எதற்கு முன்னால்? நேற்று அவரைப் பார்த்ததற்கு முன்னால். நடுப்புள்ளி கிடைத்துவிட்டது.

எதிர்த்திசையிலும் இதே கோளாறு உண்டு, இதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ‘நான் போறதுக்குள்ள ட்ரெயின் போயிடுச்சு’ என்ற வாக்கியத்தில் ‘இருந்தது’ எங்கேயும் இல்லை. ஆங்கிலத்தில் இதற்கு ஹேட் வேண்டும்: ‘பை தி டைம் ஐ காட் தேர், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.’ ஆக, ‘இருந்தேன்’ என்று காதில் விழுந்தால் ஹேட், விழாவிட்டால் வி2 என்ற கணக்கு இரண்டு பக்கமும் தோற்கிறது. தமிழில் உங்களுக்கு நம்பகமான துப்பு ‘-றதுக்குள்ள’, ‘அதுக்கு முன்னாடியே’, ‘ஏற்கெனவே’ ஆகியவைதான்.

நாள், தேதி சேர்த்தால் ஹேட் வராது என்று சிலர் நினைப்பதும் தவறு. அந்தத் தடை ஹேவ், ஹேஸுக்கு. ‘ஹேஸ் ரீச்ட் இன் 1911’ தப்பு. ‘ஸ்காட் ஃபவுண்ட் தட் அமுன்ட்சன் ஹேட் ரீச்ட் தி போல் இன் டிசம்பர்’ சரி.

அறிகுறி: ஹேட் வென்ட், ஹேட் ஸா, ஹேட் கேம்

ஹேட்டுக்குப் பின்னால் வி2 வந்துவிட்டது. ‘வொர்க்ட், வொர்க்ட்’ போல இரண்டும் ஒன்றாக இருக்கும் வினைகளில் இது வெளியே தெரியாது. இரண்டும் வேறாக இருக்கும் இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். முழுப் பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அடிக்கடி சறுக்கும் மூன்று கூட்டங்களைப் பிடித்தால் போதும்.

முதல் கூட்டம், வி3 மறுபடி வி1 (வினையின் மூல வடிவம்) போலவே ஆகிவிடுபவை: கம், கேம், கம். பிகம், பிகேம், பிகம். ரன், ரேன், ரன். ‘ஹேட் கம்’ என்று எழுதும்போது நிகழ்காலம் மாதிரி தோன்றிக் கை தயங்கும். தயங்க வேண்டாம், அதுதான் சரி.

இரண்டாவது கூட்டத்தில் நடு உயிர் மட்டும் மாறும்: ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க். பிகின், பிகேன், பிகன். சிங், சேங், சங். ஸ்விம், ஸ்வேம், ஸ்வம். ஹேட்டுக்குப் பின் கடைசி வடிவம்.

மூன்றாவது கூட்டம் னகரத்தில் முடியும்: கான், ஸீன், டன், ஈட்டன், ரிட்டன், டேக்கன், கிவன், நோன், ப்ரோக்கன், ஸ்போக்கன். ‘ஹேட் டிட்’, ‘ஹேட் ஏட்’, ‘ஹேட் டுக்’ என்று காதில் விழுந்தால் இந்தக் கூட்டத்தில் தேடுங்கள்.

அறிகுறி: கேள்வியிலோ எதிர்மறையிலோ டிட்டும் ஹேட்டும் சேர்ந்து வருகின்றன

‘டிட் யூ ஹேட் ஸீன் இட்?’ என்பதில் துணைவினை இரண்டு. ஒன்று போதும். ஹேட்டை முன்னால் தள்ளுங்கள்: ‘ஹேட் யூ ஸீன் இட் பிஃபோர்?’ எதிர்மறைக்கு ‘ஐ ஹேடன்ட் ஸீன் இட்.’ டிட் உள்ளே வரவே கூடாது.

அறிகுறி: வென் போட்ட வாக்கியத்தை எதிராளி வேறு மாதிரி புரிந்துகொள்கிறார்

இங்கே இலக்கணம் கெடுவதில்லை, அர்த்தம் கெடுகிறது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் லெஃப்ட்.’ நான் போனதும் ட்ரெயின் கிளம்பியது. என் கண்ணெதிரே கிளம்பியது, ஓடியிருந்தால் ஏறியிருக்கலாம்.

‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் வாஸ் லீவிங்.’ நான் போனபோது நகர்ந்துகொண்டிருந்தது.

‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.’ பிளாட்ஃபாரம் காலி.

வென் என்ற சொல் எது முந்தி, எது பிந்தி என்று சொல்வதில்லை. அந்தப் பொறுப்பு முழுக்க வினையின் தலையில் விழுகிறது. பிஃபோர், ஆஃப்டர் இரண்டும் அப்படி இல்லை. வரிசையைத் தாங்களே சொல்லிவிடும். அதனால் ‘ஆஃப்டர் ஐ ஃபினிஷ்ட் தி ரிப்போர்ட், ஐ வென்ட் ஹோம்’ என்பதும் சரி, ‘ஆஃப்டர் ஐ ஹேட் ஃபினிஷ்ட்’ என்பதும் சரி. தேர்வுத்தாளில் ‘ஆஃப்டருக்குப் பின் ஹேட்’ என்று கேட்டால் ஹேட் எழுதிவிட்டு வாருங்கள். பேச்சில் அது இல்லாததைக் குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

‘பிஃபோருக்குப் பக்கத்தில் ஹேட் வரவே வராது, அடுத்த பாதியில்தான் வரும்’ என்று ஒரு பாடம் உண்டு. பெரும்பாலும் உண்மை: ‘தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட் பிஃபோர் ஐ ரீச்ட்.’ ஆனால் ‘ஷி லெஃப்ட் பிஃபோர் ஐ ஹேட் ஃபினிஷ்ட்’ என்பதும் நல்ல ஆங்கிலம். நான் முடிப்பதற்குள்ளேயே அவள் கிளம்பிவிட்டாள். ஒரு வேலை முடிவை எட்டவில்லை என்று அழுத்த வேண்டிய இடத்தில் இப்படி வரும். இதைத் தப்பென்று அடித்துவிடாதீர்கள்.

அறிகுறி: சம்பவத்தை எழுதினால் வரிக்கு வரி ஹேட்

‘ஐ ஹேட் ஓப்பன்ட் தி டோர். ஐ ஹேட் ஸீன் தி ப்ரோக்கன் விண்டோ. சம்ஒன் ஹேட் டேக்கன் மை லேப்டாப். ஐ ஹேட் கால்ட் தி போலீஸ்.’

நடந்து முடிந்த கதை, எனவே எல்லாமே ஹேட் என்ற நினைப்பில் எழுதியது. ஒவ்வொரு வரியாக ‘எதற்கு முன்னால்?’ என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். கதவைத் திறந்தது: பதில் இல்லை, வி2. ஜன்னலைப் பார்த்தது: வி2. லேப்டாப்பை எடுத்தது: கதவைத் திறப்பதற்கு முன்னால். இந்த ஹேட் நிற்கட்டும். போலீஸைக் கூப்பிட்டது: அதற்குப் பிறகு, வி2.

‘ஐ ஓப்பன்ட் தி டோர் அண்ட் ஸா தி ப்ரோக்கன் விண்டோ. சம்ஒன் ஹேட் டேக்கன் மை லேப்டாப். ஐ கால்ட் தி போலீஸ்.’

நான்கில் மூன்று உதிர்ந்துவிட்டது. மீதி இருக்கும் ஒரே ஹேட்தான் ‘நான் வருவதற்கு முன்பே’ என்ற சேதியைச் சொல்கிறது. எல்லா வரியிலும் அது இருந்தபோது அந்தச் சேதி எங்கேயும் இல்லை.

கதைக்குள் நீளமான பழைய நினைவு ஒன்று வந்தால், அதன் முதல் ஒன்றிரண்டு வாக்கியங்களில் ஹேட் போட்டுப் பின்னால் போங்கள். பின்னால் போய்ச் சேர்ந்தது வாசகருக்குத் தெரிந்த பிறகு வி2-விலேயே ஓட்டலாம். பழைய நினைவு முடிந்து கதைக்குத் திரும்பும்போது நேரத்தைக் காட்டும் ஒரு சொல் வையுங்கள். பத்து வரியும் ஹேட், ஹேட் என்று போனால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும்.

அறிகுறி: ஹேட் ஹேட் என்று இரண்டு முறை வருகிறது, அச்சுப்பிழையோ என்று சந்தேகம்

பிழை இல்லை. ஹேவ் என்ற வினைக்கு வி3 ஹேட். ‘ஐ ஹேட் ஹேட் லஞ்ச் பிஃபோர் தே கேம்’ என்பதில் முதல் ஹேட் துணைவினை, இரண்டாவதுதான் ‘சாப்பிட்டேன்’. ஒன்றை எடுத்து ‘ஐ ஹேட் லஞ்ச்’ என்றால் அது சிம்பிள் பாஸ்ட் ஆகிவிடும். சில சமயம் அதுவே போதுமானது என்பது வேறு விஷயம். பேசும்போது முதல் ஹேட் சுருங்கி ‘ஐட் ஹேட்’ என்றுதான் கேட்கும்.

அந்த ‘ஐட்’ தனியாக ஒரு கண்ணி. ஐ ஹேட் சுருங்கினாலும் ஐ வுட் சுருங்கினாலும் ஒரே ஒலி, ஒரே எழுத்து. பின்னால் வி3 வந்தால் ஹேட்: ‘ஐட் ஸீன் இட்.’ வி1 வந்தால் வுட்: ‘ஐட் ஸீ இட்.’ புட், கட், கம், ரன் போன்றவற்றில் வி1-ம் வி3-ம் ஒன்றே என்பதால் சுற்றியுள்ள வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறிகுறி: ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்…’

வுட் ஹேவ் தவறான பாதியில் உட்கார்ந்துவிட்டது. போயிருந்தேன் நம்மைக் கவிழ்த்ததற்கு நேர்மாறாக, இந்த இடத்தில் தமிழ் கை கொடுக்கிறது. ‘தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்.’ ‘-இருந்தா’ வரும் பாதிக்கு ஹேட் + வி3. ‘-இருப்பேன்’ வரும் பாதிக்கு வுட் ஹேவ் + வி3. அப்படியே பொருத்துங்கள்: ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் டோல்ட் யூ.’ உண்மையில் தெரியாது, சொல்லவும் இல்லை.

பொருத்தம் இன்னும் ஒரு படி போகும். ‘பணம் இருந்தா வாங்குவேன்’ என்பது இப்போதைய நிலைமை: ‘இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை இட்.’ இதில் உள்ள ஹேட் வெறும் வி2. பாஸ்ட் பெர்ஃபெக்ட் கிடையாது. ‘பணம் இருந்திருந்தா வாங்கியிருப்பேன்’ என்பது முடிந்துபோன வாய்ப்பு: ‘இஃப் ஐ ஹேட் ஹேட் மணி, ஐ வுட் ஹேவ் பாட் இட்.’ தமிழில் ‘இருந்திருந்தா’ என்று இரட்டிக்கிற அதே இடத்தில் ஆங்கிலத்திலும் ஹேட் இரட்டிக்கிறது.

இஃப்-ஐ விட்டுவிட்டு ‘ஹேட் ஐ நோன்’ என்று தொடங்கினால் அது கேள்வி ஆகாது, அதே ‘தெரிஞ்சிருந்தா’தான். எழுத்தில் அதிகம் வரும். நடக்காததை நினைத்து அங்கலாய்க்கும் விஷ்ஷும் இதே குடும்பம்: ‘ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட்’, படித்திருக்கலாம், படிக்கவில்லை.

அறிகுறி: ‘வாஸ் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ் வென் ஷி கேம்’

‘ரெண்டு மணி நேரமா காத்துக்கிட்டு இருந்தேன், அப்புறம்தான் வந்தா.’ ‘இருந்தேன்’ என்றதும் கை தானாக வாஸ் எழுதுகிறது. இங்கே ‘நேரமா’ என்ற இழுப்பைக் கவனிக்க வேண்டும். ஒரு புள்ளிவரை நீண்டுவந்த கால அளவு சொல்லப்பட்டால் ஹேட் பீன் + ஐஎன்ஜி: ‘ஐ ஹேட் பீன் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ் வென் ஷி கேம்.’ அளவு சொல்லாவிட்டால் வாஸ் வெயிட்டிங் சரியே. இரண்டு மணி நேரம் போன்ற அளவுக்கு ஃபார். மார்னிங், மண்டே, 2015 போன்ற தொடக்கத்துக்கு சின்ஸ்.

நோ (தெரிந்திருத்தல்), பிலாங், ஓன் போன்று செயலைச் சொல்லாமல் நிலையைச் சொல்லும் வினைகளுக்கு ஐஎன்ஜி ஒட்டாது. ‘ஹேட் பீன் நோயிங்’ இல்லை. ‘ஐ ஹேட் நோன் ஹர் ஃபார் டென் இயர்ஸ் வென் ஷி லெஃப்ட்.’

அறிகுறி: ஹேட் வர வேண்டிய இடத்தில் ஹேவ், ஹேஸ்

‘பை 2010, ஹி ஹேஸ் ரிட்டன் த்ரீ புக்ஸ்.’ நின்று பார்க்கும் புள்ளி 2010, கடந்துபோன வருடம். எனவே ஹேட் ரிட்டன். புள்ளி இன்று என்றால் ஹேஸ் ரிட்டன். அதுவே வரப்போகும் நாள் என்றால் வில் ஹேவ் ரிட்டன். பை என்ற சொல்லைப் பார்த்ததுமே ஹேட் போடாமல், அதன் பின்னால் உள்ள நேரத்தைப் பாருங்கள்.

‘அதுதான் முதல் தடவை’ என்பதும் இதே கணக்கு. ‘இட் இஸ் தி ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேவ் ஸீன் ஸ்நோ.’ இஸ் என்பது வாஸாக மாறினால் ஹேவ் என்பதும் ஹேட்டாக மாற வேண்டும்: ‘இட் வாஸ் தி ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேட் ஸீன் ஸ்நோ.’

அறிகுறி: பிறர் சொன்னதை மாற்றி எழுதும்போது எங்கு பார்த்தாலும் ஹேட்

அறிமுக வினை செட், டோல்ட் என்று இறந்தகாலத்தில் இருந்தால், உள்ளே உள்ள வி2-வும், ஹேவ் அல்லது ஹேஸ் + வி3-யும் ஹேட் + வி3 ஆகும். ‘ஐ லாஸ்ட் மை கீ’ என்றான்: ‘ஹி செட் ஹி ஹேட் லாஸ்ட் ஹிஸ் கீ.’ உள்ளே ஏற்கெனவே ஹேட் இருந்தால் அப்படியே விடுங்கள், அதற்கும் பின்னால் போக இடமில்லை. யெஸ்டர்டே, ‘தி டே பிஃபோர்’ ஆகும். ‘ஹி செஸ்’ என்று நிகழ்காலத்தில் தொடங்கினால் எதுவும் மாறாது.

வரிசை தானாகவே விளங்கும் இடத்தில் மாற்றாமல் விடுவதே இயல்பு. ‘ஹி செட் ஹி வாஸ் பார்ன் இன் 1990’ என்றுதான் சொல்வார்கள். பேசுவதற்கு முன்னால்தானே பிறந்திருக்க முடியும்! தேர்வில் இயந்திரம் மாதிரி மாற்றச் சொல்வார்கள்; தேர்வுக்கு மட்டும் மாற்றுங்கள்.

அறிகுறி: நோ சூனர் வாக்கியம் ஒட்டவில்லை

மூன்று இடத்தில் சரிபாருங்கள். ஹேட் எழுவாய்க்கு முன் வந்ததா, வி3 இருக்கிறதா, இணைப்புச் சொல் ‘தேன்’ என்பதுதானா. ‘நோ சூனர் ஹேட் ஐ சேட் டவுன் தேன் தி ஃபோன் ரேங்’, உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஃபோன் அடித்தது. ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி என்றால் இணைப்பு வென். பேச்சில் இந்த அலங்காரம் தேவையில்லை: ‘ஆஸ் சூன் ஆஸ் ஐ சேட் டவுன், தி ஃபோன் ரேங்.’ ஹேட்டே வேண்டாம்.

அறிகுறி: ‘தி ஃபைல் ஹேட் டிலீட்டட்’

ஃபைல் தானே எதையும் அழிக்கவில்லை, அதை யாரோ அழித்திருக்கிறார்கள். பீன் விட்டுப்போயிருக்கிறது: ‘தி ஃபைல் ஹேட் பீன் டிலீட்டட்.’ தமிழில் ‘டெலீட் பண்ணியிருந்தார்’ என்றால் பீன் வேண்டாம்; ‘டெலீட் ஆகியிருந்தது’ என்றால் பீன் வேண்டுமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். தானாகவே நடக்கக்கூடியதற்குத் தேவைப்படாது: ‘தி ரெயின் ஹேட் ஸ்டாப்ட்’, மழை நின்றிருந்தது.

அறிகுறி: நடுப்புள்ளியே இல்லை, ஆனால் ஹேட் சரியென்று சொல்கிறார்கள்

இரண்டு சாத்தியங்கள். ஒன்று, கைகூடாமல் போன எண்ணம். ‘ஐ ஹேட் ஹோப்ட் டு கம்’, வரணும்னுதான் இருந்தேன், முடியவில்லை. இன்டெண்டட், பிளான்ட், வான்டட் ஆகியவையும் இப்படித் தனியே நிற்கும்.

இன்னொன்று, அது பாஸ்ட் பெர்ஃபெக்ட்டே இல்லை. ‘ஐ ஹேட் டு கோ’ என்றால் போக வேண்டியிருந்தது. ஹேட்டுக்குப் பின் டு, வி1. ‘யூட் பெட்டர் கோ’ என்றால் இப்போது கிளம்புவது நல்லது, இறந்தகாலமே கிடையாது. ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்றால் இன்னொருவரிடம் முடிவெட்டிக்கொண்டேன். இந்தக் கடைசி வாக்கியத்தில் வி3 இருந்தும் ஏன் கணக்கில் வராது என்றால், ஹேட்டுக்கும் அதற்கும் நடுவே ‘மை ஹேர்’ புகுந்திருக்கிறது. ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’ என்று ஒட்டி எழுதினால் கத்தரிக்கோல் உங்கள் கைக்கு வந்துவிடும், ‘எதற்கு முன்னால்?’ என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.